கரிய அன்னம் கற்பித்த பாடம்

அன்னம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் தமிழர் மனக்கண்முன் தோன்றுவது வெண்மை. தூய வெண்மைக்கு உவமை தேடிய புலவர்கள் பாலையும் சங்கையும் நாடியது போலவே அன்னத்தையும் நாடினர். மேலைநாட்டார் மனமும் இவ்வகையில் வேறன்று. ஐரோப்பாவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அன்னங்கள் யாவும் வெள்ளை. ஆகவே, ‘அன்னம் வெண்மையானது’ என்பது, ‘நெருப்புச் சுடும்’ என்பதைப் போல் ஐயத்துக்கு இடமற்ற உண்மையாக அங்கே கொள்ளப்பட்டது. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் தமது தருக்க நூலில் வெண்மைக்கு எடுத்துக்காட்டு வேண்டிய இடத்தில் அன்னத்தையே எடுத்தாண்டார்.

இன்றோ, ‘கரிய அன்னம்’ என்னும் தொடர் உலகெங்கும் வழங்குகிறது. பங்குச் சந்தை திடீரெனச் சரிந்தால் அது கரிய அன்னம். பழம்பெரும் நிறுவனம் ஒன்று ஒரே வாரத்தில் மூழ்கினால் அதுவும் கரிய அன்னம். ஆஸ்திரேலிய ஆறுகளில் அமைதியாக நீந்தித் திரியும் ஒரு பறவை, எதிர்பாரா இடரின் சின்னமானது எவ்வாறு? அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் வழங்கப்படுகிறதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, ரோமாபுரியில் தொடங்கி, மேற்கு ஆஸ்திரேலியாவைக் கடந்து, சிங்கப்பூர் வரை வரும் நெடிய வரலாறு ஒன்றைப் பின்தொடர வேண்டும்.

இல்லாத பறவை

ஜூவெனால் என்ற ரோமானியக் கவிஞர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கதப் பாடல்கள் இயற்றியவர். தம் காலத்துச் சமுதாயத்தின் குறைகளைச் சாடுவதில் சிறிதும் இரக்கம் காட்டாதவர். அவருடைய ஆறாவது அங்கதப் பாடல் மனைவியரைப் பற்றியது. அழகும் செல்வமும் குலமும் கற்பும் ஒருங்கே அமைந்த மனைவி கிடைப்பது எத்துணை அருமை என்று கூற வந்த கவிஞர், அத்தகையவளைக் கரிய அன்னத்துக்கு ஒப்பிட்டார். ‘அப்படி ஒருத்தி இவ்வுலகில் இல்லை’ என்பதே அந்தக் கிண்டலின் பொருள்.

பெண்ணினத்தை இகழும் அக்கருத்து இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும் உவமை மட்டும் நிலைத்துவிட்டது. இல்லவே இல்லாத ஒன்றைக் குறிக்கத் தமிழில் முயற்கொம்பு என்றும் ஆகாயத் தாமரை என்றும் சொல்வது போல, ஐரோப்பியர் கரிய அன்னம் என்று சொல்லலாயினர். கல்லூரிகளில் தருக்கம் பயின்றவர்களுக்கும் அது நடக்கவியலாததன் எடுத்துக்காட்டாயிற்று. இவ்வாறு ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கழிந்தன. முயலுக்குக் கொம்பு இன்றுவரை முளைக்கவில்லை. ஆனால் கரிய அன்னமோ, அந்த ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளிலும் உலகின் வேறொரு மூலையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துக்கொண்டுதான் இருந்தது.

காணாமற் போன கப்பல்

பதினேழாம் நூற்றாண்டில் கீழ்த்திசைக் கடல்களில் ஒல்லாந்தர் கை ஓங்கியிருந்தது. அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மேலைக் காற்றைப் பிடித்து நேர் கிழக்காக ஓடி, பின்னர் வடக்கே திரும்பி, ஜாவாத் தீவிலுள்ள பத்தாவியாவை அடைவது வழக்கம். இன்றைய ஜக்கார்த்தாவே அந்நாளைய பத்தாவியா. திரும்பவேண்டிய இடத்தில் திரும்பத் தவறிய கப்பல்கள் சில, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் மோதிச் சிதைந்தன. 1694-ஆம் ஆண்டில் நன்னம்பிக்கை முனையிலிருந்து புறப்பட்ட ‘ரிட்டர்ஸ்காப் வான் ஹாலந்து’ என்ற கப்பல், முந்நூறு பேருக்கு மேற்பட்ட ஆட்களுடன் சுவடின்றி மறைந்தது.

அந்தக் கப்பலைத் தேடும் பொறுப்பு வில்லெம் டி விலாமிங் என்ற மாலுமித் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. உயிர் பிழைத்தோர் எவரேனும் கரையேறியிருத்தல் கூடும் என்பது எதிர்பார்ப்பு. 1696-ஆம் ஆண்டு மே மாதம் அவர் மூன்று கப்பல்களுடன் ஒல்லாந்திலிருந்து புறப்பட்டார். ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவரும் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவருமான நிக்கலாஸ் விட்சன் இப்பயணத்துக்கு ஊக்கமளித்தவர்களுள் முதன்மையானவர்.

ஆண்டின் இறுதி நாட்களில் விலாமிங் மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அருகே ஒரு தீவை அடைந்தார். அங்கே பூனையளவு பருமனுள்ள விலங்குகள் ஏராளமாகத் திரிந்தன. அவற்றை எலிகள் என்றே எண்ணி, எலிக்கூடு எனப் பொருள்படும் பெயரை அத்தீவுக்குச் சூட்டினார். ராட்னெஸ்ட் என்று இன்று வழங்கும் தீவு அதுவே. உண்மையில் அவ்விலங்குகள் எலிகள் அல்ல. கங்காருவுக்கு உறவான குவாக்கா என்னும் சிறு விலங்குகள். முன்பு அறிந்ததைக் கொண்டே புதியதற்குப் பெயரிடுவது மனித இயல்பு. விலாமிங்கும் அவ்வியல்புக்கு விலக்கல்லர்.

1697-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தீவுக்கு எதிர்க்கரையில் இருந்த ஆற்றின் வழியே அவருடைய ஆட்கள் படகுகளில் உள்நாட்டுக்குச் சென்றனர். அங்கே நீர்ப்பரப்பில் அவர்கள் கண்டவை அன்னங்களேயாம். அதில் ஐயத்துக்கு இடமில்லை. நீண்டு வளைந்த கழுத்து, அகன்ற உடல், மிதக்கும் கம்பீரம் எல்லாம் அன்னத்தினுடையவை. ஆனால் நிறம் மட்டும் கருமை. அலகு செந்நிறம், அதன் நுனியருகே ஒரு வெண்பட்டை. சிறகு விரித்துப் பறக்கையில்தான் இறகுகளின் விளிம்பில் ஒளிந்திருந்த வெண்மை வெளிப்பட்டது. விலாமிங் அந்த ஆற்றுக்குக் ‘கரிய அன்ன ஆறு’ என்று பெயரிட்டார். அதன் கரையில்தான் இன்று பெர்த் நகரம் அமைந்துள்ளது.

பிடிபட்ட பறவைகளுள் சில உயிருடன் பத்தாவியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஐரோப்பாவை அடையுமுன் அவை மாண்டன. காணாமற் போன கப்பல் கிடைக்கவேயில்லை. வாணிபக் கண்கொண்டு நோக்கிய கம்பெனிக்கு அப்பயணம் ஆதாயமற்ற செலவாகப் பட்டது. தேடிய பொருள் கிடைக்காமல், தேடாத பொருள் கிடைத்த பயணம் அது.

இதில் மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. விலாமிங்குக்கு அறுபது ஆண்டுகள் முன்னதாகவே, 1636-ஆம் ஆண்டில், அந்தோனி கான் என்ற மாலுமி, அதே மேற்குக் கரையின் வடபகுதியிலுள்ள ஷார்க் விரிகுடாவில் கரிய அன்னங்களைப் பற்றிக் குறித்திருந்தார். அக்குறிப்பு ஐரோப்பாவில் யாருடைய எண்ணத்தையும் அசைக்கவில்லை. கண்ணால் காண்பது வேறு. கண்டது கருத்தில் ஏறுவது வேறு. 1790-ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பறவை நூலார் ஜான் லேதம் இப்பறவைக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். 1800-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவை ஆராயப் புறப்பட்ட நிக்கலாஸ் போதேன் குழுவினர் பிரான்சுக்கு அனுப்பிய உயிரினங்களுள் கரிய அன்னங்களும் இருந்தன. நெப்போலியனின் மனைவி ஜோசபின் தமது மால்மேசான் மாளிகைத் தோட்டத்தில் அவற்றை வளர்த்தார். அங்கே அவை குஞ்சும் பொரித்தன. உலகில் இல்லாத பறவை, அரண்மனைக் குளத்து அலங்காரமாக ஆயிற்று.

யாருக்கு வியப்பு?

விலாமிங்கின் ஆட்கள் வியந்து நின்ற அந்த ஆற்றங்கரை ஆளற்ற இடம் அன்று. நூங்கார் என்னும் பழங்குடி மக்கள் எண்ணற்ற தலைமுறைகளாக அங்கே வாழ்ந்து வந்தனர். அவர்கள் மொழியில் கரிய அன்னத்துக்கு ‘மாலி’ என்று பெயர். அது எப்போது கூடு கட்டும், எப்போது முட்டையிடும், மழை பொய்த்தால் எத்திசை நோக்கிப் பறக்கும் என்பன அவர்களுக்கு அன்றாட அறிவு. அவர்களுக்கு அது அதிசயமும் அன்று, ஆபத்தும் அன்று.

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதிப் பழங்குடியினரிடையே ஒரு கதை வழங்குகிறது. அன்னங்கள் ஆதியில் வெண்மையாகவே இருந்தன. கழுகுகள் அவற்றைத் தாக்கி இறகுகளைப் பிய்த்தெறிந்தன. குளிரில் நடுங்கிய அன்னங்களுக்கு இரங்கிய காக்கைகள் தம் கரிய இறகுகளை உதிர்த்துப் போர்த்தின என்பது அக்கதை. ஐரோப்பியருக்கு விளக்கம் தேவைப்பட்டது கரிய அன்னத்துக்கு என்றால், அம்மக்களோ அன்னத்தின் கருமையை இயல்பாகவே கண்டு, அதற்கொரு தோற்றக் கதையும் வைத்திருந்தனர்.

ஆகவே, ‘எதிர்பாராதது’ என்ற தன்மை பறவையிடம் இல்லை, பார்ப்பவனிடம் உள்ளது. தன் ஊர்க்குளத்தை உலகம் என்று எண்ணியவனுக்கே அது எதிர்பாராதது. இந்த உண்மையை மறந்துவிட்டால், கரிய அன்னம் என்னும் சின்னத்தின் பொருளே திரிந்துவிடும்.

தருக்க நூலாரின் கையில்

கண்ட சிலவற்றைக் கொண்டு காணாத பலவற்றையும் துணிவது தொகுத்தறிதல். மனித அறிவின் பெரும்பகுதி இதன்மேல் எழுந்ததே. ஆங்கிலேய அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1843-ஆம் ஆண்டில் வெளியிட்ட தருக்க நூலில் அன்னத்தை எடுத்துக்கொண்டு இம்முறையின் வலிவையும் நலிவையும் ஆராய்ந்தார். ஐரோப்பியர் கண்ட வெள்ளை அன்னங்கள் பொய்யல்ல. அவர்கள் அனுபவம் உண்மையானதே. அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் பெற்ற முடிவுதான் பிழையாயிற்று என்று அவர் காட்டினார்.

பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1912-ஆம் ஆண்டில் இதனையே கோழியை வைத்து விளக்கினார். நாள்தோறும் தனக்குத் தீனி போடும் கை, ஒருநாள் தன் கழுத்தைத் திருகும் என்று கோழி எவ்வாறு அறியும்? தீனி தின்ற நாட்கள் கூடக்கூட அதன் நம்பிக்கையும் கூடுகிறது. அஃதாவது, ஆபத்து நெருங்க நெருங்க அச்சம் குறைகிறது. 1934-ஆம் ஆண்டில் கார்ல் பாப்பர் மற்றொரு படி மேலே சென்றார். எத்தனை வெள்ளை அன்னங்களைக் கண்டாலும் ‘எல்லா அன்னங்களும் வெள்ளை’ என்பது நிறுவப்படாது. ஆனால் ஒரே ஒரு கரிய அன்னம் அதனைப் பொய்யாக்கப் போதும். எனவே, தன் கொள்கைக்குச் சான்று தேடுபவனைக் காட்டிலும், அதற்கு மாறான சான்றைத் தேடுபவனே உண்மையான ஆராய்ச்சியாளன் என்பது அவர் கருத்து.

ஏட்டளவில் இருந்த இப்பறவையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் நசீம் நிக்கலாஸ் தாலெப். லெபனானில் பிறந்த அவர் பங்கு வாணிபத்தில் பல்லாண்டு பழகியவர். 1975-ஆம் ஆண்டில் தம் தாய்நாட்டில் மூண்ட உள்நாட்டுப் போர் சில நாட்களில் ஓயும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டவர். அது பதினைந்து ஆண்டுகள் நீடித்ததையும் கண்டவர். 2007-ஆம் ஆண்டில் கரிய அன்னத்தின் பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பெரும் வங்கிகள் சரிய, நூலின் பெயர் உலக வழக்காயிற்று. கரிய அன்ன நிகழ்ச்சிக்கு மூன்று அடையாளங்களை அவர் வகுத்தார். முன் அனுபவத்தில் அதற்குச் சாயல் இராது. விளைவு மிகப் பெரிதாக இருக்கும். நடந்து முடிந்த பின்னரோ, ‘இது தெரிந்ததுதானே’ என்று எல்லோரும் காரணம் சொல்வார்கள்.

தாலெப் மற்றொன்றும் கூறினார். அறுக்கப்படும் பறவைக்குக் கரிய அன்னமாக வருவது, அறுக்கும் கசாப்புக்காரனுக்குக் கரிய அன்னம் அன்று. இதுவே நூங்கார் மக்கள் ஆற்றங்கரையில் கிடைத்த பாடம். 2020-ஆம் ஆண்டில் கோவிட் கொள்ளைநோய் பரவியபோது அதனைப் பலர் கரிய அன்னம் என்றனர். தாலெப் அதனை மறுத்து, அது வெள்ளை அன்னமே என்றார். அத்தகைய நோய் வரும் என்று அறிந்தோர் முன்னரே எச்சரித்திருந்தனர் என்பது அவர் காட்டிய காரணம்.

சிங்கப்பூரில் வீழ்ந்த வங்கி

எதிர்பாரா இடர் ஒன்று. ஒரே எண்ணத்தைப் பற்றிக்கொண்டு விடாத வெறி மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்குச் சிங்கப்பூர் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. அது பேரிங்ஸ் வங்கியின் வீழ்ச்சி.

1762-ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கப்பட்ட பேரிங்ஸ், இங்கிலாந்தின் மிகப் பழைய வணிக வங்கி. 1803-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரான்சிடமிருந்து லூயிசியானாப் பெருநிலத்தை விலைக்கு வாங்கியபோது பணம் திரட்டிக் கொடுத்தவர்களுள் பேரிங்ஸும் ஒன்று. 1890-ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவுக்குக் கொடுத்த கடன்களால் அது ஒருமுறை மூழ்கும் நிலைக்கு வந்தது. இங்கிலாந்து வங்கி முன்னின்று கைகொடுத்துக் காப்பாற்றியது. ‘நமக்கும் இப்படி நேரும்’ என்பதற்கு அவ்வங்கியின் சொந்தச் சரித்திரத்திலேயே சாட்சி இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1992-ஆம் ஆண்டில் அவ்வங்கி நிக் லீசன் என்ற இளைஞரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. சிங்கப்பூரின் முன்பேரச் சந்தையான சைமெக்சில் வங்கியின் சார்பில் வாங்குவதும் விற்பதும் அவர் பணி. அதே நேரத்தில், வாங்கி விற்றதைச் சரிபார்த்துக் கணக்கெழுதும் பிரிவும் அவர் கையிலேயே இருந்தது. கல்லாப் பெட்டியின் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் ஒருவரிடமே கொடுப்பது எத்தகைய ஆபத்து என்பது பலசரக்குக் கடைக்காரருக்கும் தெரியும். இருநூற்று முப்பது ஆண்டுப் பழமை வாய்ந்த வங்கிக்கு அது தெரியாமற் போயிற்று.

அவ்வாண்டு ஜூலையில் 88888 என்ற எண்ணில் ஒரு கணக்குத் திறக்கப்பட்டது. சில்லறைப் பிழைகளைப் பதிவதற்கென்று தொடங்கிய அது, நட்டங்களை ஒளிக்கும் கிடங்காயிற்று. சீனர்களிடையே எட்டு நற்பேற்றின் எண். ஆனால் அந்த ஐந்து எட்டுகளும் நற்பேற்றைக் கொணரவில்லை. 1992 இறுதியில் 20 இலட்சம் பவுன் நட்டம். 1993 இறுதியில் 2 கோடியே 30 இலட்சம். 1994 இறுதியில் 20 கோடியே 80 இலட்சம். அத்தனையும் இலண்டனின் கண்ணுக்கு மறைவாகவே வளர்ந்தன. இலண்டனுக்குத் தெரிந்ததெல்லாம் சிங்கப்பூர்க் கிளை குவித்ததாகக் காட்டிய கொழுத்த இலாபமே. தீனி தின்ற கோழியைப் போல, நாள் கடக்கக் கடக்க அங்கே நம்பிக்கை வளர்ந்தது.

நட்டத்தை ஈடுசெய்ய லீசன் ஜப்பானியப் பங்குகளின் நிக்கெய் குறியீட்டெண்ணை வைத்துப் பந்தயம் கட்டினார். அவர் விற்ற ஒப்பந்தங்கள், குறியீட்டெண் 19,000 புள்ளிகளை ஒட்டி அசையாமல் இருந்தால் இலாபம் தருவன. மேலே பாய்ந்தாலும் நட்டம். கீழே சரிந்தாலும் நட்டம். ‘நேற்றிருந்தது போலவே நாளையும் இருக்கும்’ என்பதன்மேல் ஒரு வங்கியின் வாழ்வே பணயம் வைக்கப்பட்டது.

1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் அதிகாலை 5 மணி 46 நிமிடத்துக்கு ஜப்பானின் கோபே நகரப் பகுதியில் பூமி நடுங்கியது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். டோக்கியோப் பங்குச் சந்தை ஆட்டங்கண்டது. 23-ஆம் நாள் நிக்கெய் ஒரே நாளில் 1,000 புள்ளிகளுக்கு மேல் வீழ்ந்தது.

அந்நிலையில் நட்டத்தை ஒப்புக்கொண்டு விலகியிருந்தால், வங்கி காயத்துடன் பிழைத்திருக்கவும் கூடும். லீசனோ, சந்தை மீண்டும் ஏறியே தீரும் என்ற எண்ணத்தைப் பற்றிக்கொண்டார். இறங்க இறங்க மேலும் மேலும் வாங்கினார். சூதாட்ட மேசையில் தோற்றவன் பந்தயத்தை இரட்டித்து இரட்டித்து வைக்கும் அதே வெறி இது. ஒவ்வொரு முறையும் சந்தைக்குக் கட்டவேண்டிய முன்பணத்தை இலண்டன் மறுப்பின்றி அனுப்பிக்கொண்டேயிருந்தது. 70 கோடி பவுனுக்கு மேல் இவ்வாறு சிங்கப்பூருக்கு வந்தது. பிப்ரவரி 23-ஆம் நாள் லீசன் சிங்கப்பூரை விட்டு வெளியேறினார். 26-ஆம் நாள் பேரிங்ஸ் வீழ்ந்தது. மொத்த நட்டம் 82 கோடியே 70 இலட்சம் பவுன். 1890-இல் காப்பாற்றிய இங்கிலாந்து வங்கி இம்முறை கைவிரித்தது. நெப்போலியன் காலத்தையும் இரு உலகப் போர்களையும் கடந்து நின்ற வங்கியை ஐ.என்.ஜி. என்ற டச்சு நிறுவனம், அதன் கடன்களை ஏற்று, ஒரே ஒரு பவுன் விலைக்கு வாங்கியது. ஜெர்மனியில் பிடிபட்ட லீசனுக்கு, 1995 டிசம்பரில் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

பழி யார்மேல்?

நிலநடுக்கம்தான் பேரிங்ஸை வீழ்த்தியது என்று சொல்வது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. ஜப்பானில் நிலநடுக்கம் முயற்கொம்பு அன்று. 1923-ஆம் ஆண்டில் டோக்கியோவையும் யோக்கஹாமாவையும் தரைமட்டமாக்கிய நடுக்கத்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். நாளும் நேரமும் முன்னறியப்படாதவை. நேரும் என்பது அறியப்படாததன்று.

மேலும், பூமி நடுங்கு முன்னரே 20 கோடி பவுனுக்கு மேல் அழிந்துவிட்டது. 1994-ஆம் ஆண்டிலேயே வங்கியின் சொந்தத் தணிக்கையாளர்கள், வாணிபமும் கணக்கும் ஒருவர் கையில் இருப்பது தகாது என்று எழுதி வைத்தனர். அந்த அறிவுரை செயலுக்கு வரவில்லை. நடுக்கத்துக்கு ஆறு நாட்களுக்கு முன், ஜனவரி 11-ஆம் நாள், சைமெக்ஸ் நிர்வாகம் 88888 கணக்கைக் குறித்துக் கேள்வி எழுப்பிக் கடிதம் எழுதியது. அக்கடிதத்தையும் உரியவாறு ஆராய்ந்து பார்ப்பார் இல்லை. ஷார்க் விரிகுடாவில் எழுதப்பட்ட மாலுமியின் குறிப்புக்கு நேர்ந்த கதியே இவ்வெச்சரிக்கைகளுக்கும் நேர்ந்தது. எழுதியவர் உண்டு, கருத்தில் ஏற்றுக்கொண்டவர் இல்லை.

பின்னர் இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் நடந்த விசாரணைகள் லீசனின் குற்றத்தோடு நிற்கவில்லை; மேலதிகாரிகளின் கண்காணிப்புக் குறைவையும் கடுமையாகச் சுட்டின. ஆம், இலாபம் வருகிறவரை அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்க விரும்பவில்லை. ஒருவரின் வெறி நட்டத்தைத் துரத்துவதில் இருந்தது; மற்றவர்களின் வெறி இலாபத்தை நம்புவதில் இருந்தது. இரண்டாவது வெறி இல்லாமல் முதலாவது இத்துணை தூரம் ஓடியிருக்க முடியாது.

அறிவுக் குறைவே இதற்குக் காரணம் என்று கருதுவதும் தவறு. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எல்.டி.சி.எம். என்ற முதலீட்டு நிறுவனம் வீழ்ந்தது. முந்திய ஆண்டில்தான் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்ற ராபர்ட் மெர்ட்டனும் மைரன் ஷோல்ஸும் அதன் பங்காளிகள். ரஷ்ய அரசு ஆகஸ்டு மாதத்தில் தன் கடன்களைத் திருப்பித் தர மறுத்ததும் அவர்களுடைய கணக்குகள் யாவும் நொறுங்கின. முடிவில் பதினான்கு நிதி நிறுவனங்கள் கூடி ஏறத்தாழ 360 கோடி டாலர் இட்டு அதனைத் தாங்கிப் பிடிக்க நேர்ந்தது. கடந்த காலத்தை மிக நுட்பமாக அளந்தவர்கள் அவர்கள். ஆனால் அளவுகோல் கடந்த காலத்தினுடையதாகவே இருந்தது.

நேரான பறவை, தலைகீழான சட்டம்

கரிய அன்ன ஆற்றங்கரையில் 1829-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைத்தனர். அதுவே மேற்கு ஆஸ்திரேலிய மாநிலமாக வளர்ந்தது. அம்மாநிலக் கொடியில் கரிய அன்னம் பொறிக்கப்பட்டுள்ளது. 1854-ஆம் ஆண்டில் வெளியான அதன் முதல் அஞ்சல் தலையிலும் அன்னமே இடம் பெற்றது.

மறு ஆண்டில் நான்கு பென்னி அஞ்சல் தலையைப் பெர்த் நகரில் மீண்டும் அச்சிட்டபோது ஒரு பிழை நேர்ந்தது. சில தலைகளில் அன்னம் தலைகீழாகத் தோன்றியது. ‘தலைகீழ் அன்னம்’ என்று பெயர் பெற்ற அத்தலைகள் இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அஞ்சல் தலை சேகரிப்போர் அவற்றின்மேல் கொண்டுள்ள பித்துக்கு அளவில்லை. ஆனால் அச்சுக்கல்லை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை வேறு. அன்னம் நேராகத்தான் இருந்தது. அதனைச் சுற்றியிருந்த எழுத்தும் சட்டமுமே தலைகீழாக வைக்கப்பட்டிருந்தன. சட்டத்தில் உள்ள எழுத்தைப் படிக்கத் திருப்பிப் பிடித்தவர்கள், பறவைதான் கவிழ்ந்தது என்று பெயரிட்டுவிட்டனர்.

கரிய அன்னத்தின் வரலாறு முழுவதும் இந்தச் சிறு காகிதத்துண்டில் அடங்கிவிடுகிறது. பறவை என்றும் நேராகவே இருந்து வந்துள்ளது. ரோமானியக் கவிஞர் காலத்திலும் அது தன் ஆற்றில் நீந்தியது. கோபேயில் பூமி தன் இயல்பின்படியே நடுங்கியது. தலைகீழாக இருந்தவை மனிதன் பொருத்திய சட்டங்களே. தான் காணாதது இல்லை என்ற சட்டம், நேற்று நடவாதது நாளையும் நடவாது என்ற சட்டம், இலாபம் தருவது சரியாகத்தான் இருக்கும் என்ற சட்டம் ஆகியவையே அவை.

எல்லா இடர்களையும் முன்னறிய எவராலும் இயலாது. அவ்வாறு இயலும் என்று சொல்பவரை நம்புவதும் பேதைமையே. ஆயினும் செய்யக்கூடியவை சில உண்டு. சாவியையும் கணக்கையும் பிரித்து வைக்கலாம். மாறான செய்தி கொண்டுவருபவனை விரட்டாமல் கேட்கலாம். தோற்ற பந்தயத்தை இரட்டிக்காமல் எழுந்து வரலாம். இழந்தாலும் தாங்கத்தக்க அளவுக்கு மட்டுமே துணியலாம். வெள்ளம் எந்நாளில் வரும் என்று அறியாதவனும் அணை போடலாம். அணையைப் போடாதிருந்துவிட்டு, வெள்ளம் வந்தபின் கரிய அன்னத்தின்மேல் பழி போடுவது, வரலாறு ஏற்றுக்கொள்ளாத சாக்கு.